பொதுச் சட்டி விருந்து – கடிதம்

வணக்கம்.

நான் இத்தாலியில், டூரினில் ஆய்வு மாணவன். ஆய்வகத் தோழர் ஒருவர் வரும் சனிக்கிழமை இரவு ‘பாஞ்ஞா காவ்டா’ சாப்பிட வீட்டுக்கு அழைத்திருக்கிறார். அவரைத் தவிர யாரையும் தெரியாது. நடுவில் ஒரே சட்டியை வைத்து எல்லோரும் அதில் தொட்டுச் சாப்பிடுவார்களாம். எச்சில் பார்த்து வளர்ந்தவன் நான். வைன் பழக்கமும் இல்லை. ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாமா? போனால் என்ன வாங்கிப் போவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கட்டாயம் போங்கள். டூரின் இருக்கும் பியட்மாண்ட் பக்கம் ஒருவரை பாஞ்ஞா காவ்டாவுக்குக் கூப்பிடுவது சாதாரண அழைப்பு இல்லை. திராட்சை அறுவடை முடிந்து புது வைன் இறக்கும் நாட்களில், கூட உழைத்தவர்கள் எல்லோரும் ஒரு சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடு அது.

சட்டியில் இருப்பது காய்களைத் தொட்டுக்கொள்ளும் சூடான குழம்பு. பூண்டு, உப்பிட்ட நெத்திலி, ஆலிவ் எண்ணெய், மூன்றே பொருள்தான். ஆளுக்கு ஒரு முழுப் பூண்டு என்பது பழைய கணக்கு. சிறு தீயில், பூண்டு சிவந்துவிடாமல், நெத்திலி கரைந்து காணாமல் போகும்வரை கிளறுவார்கள். (நீங்கள் சைவம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மீன் அதில் இருக்கிறது.) பியட்மாண்டுக்குக் கடல் கிடையாது. நெத்திலியும் எண்ணெயும் லிகூரியாக் கரையிலிருந்து உப்போடு மலையேறி வந்தவை. பியட்மாண்டின் மைரா பள்ளத்தாக்கு விவசாயிகள் அந்தக் காலத்தில், பனிக்காலத்தில் வயலில் வேலை இல்லாதபோது வண்டி தள்ளிக்கொண்டு ஊர் ஊராக நெத்திலி விற்கப் போவார்கள்.

எச்சிலுக்கு வருவோம். குடைமிளகாய், முட்டைக்கோஸ், ‘கார்டோ’ (கூனைப்பூ இனத்துச் செடி) தண்டு எல்லாம் நறுக்கி வைத்திருப்பார்கள். பியட்மாண்டின் நீட்சா ஊர்க் கார்டோவை இலையுதிர் காலத்தில் வளைத்து மண்ணால் மூடிவிடுவார்கள். வெயில் படாமல் கூன் விழுந்து வெளுத்து வளர்வதால் பச்சையாகவே கடிக்கலாம். ஒரு துண்டை எடுத்து முக்கி, எண்ணெய் சொட்டாமல் இன்னொரு கையில் ரொட்டியை ஏந்தி, அப்படியே வாயில் போடுங்கள். கடித்த துண்டு திரும்பச் சட்டிக்குப் போகாது, அவ்வளவுதான். இப்போது பல வீடுகளில் அடியில் மெழுகுவத்தி எரியும் சின்ன மண்சட்டியை ஆளுக்கொன்றாகவும் வைக்கிறார்கள். ஆனாலும் பொதுச் சட்டி கிடைத்தால் விடாதீர்கள் என்பேன். கையை நீட்டும்போது எதிரில் இருப்பவர் கை குறுக்கே வரும், ஒருவர் வழிவிடுவார், பேச்சு தானாகத் தொடங்கிவிடும். இவ்வளவு பூண்டு தின்ற பிறகு யாரும் யாரிடமும் மிடுக்காக இருக்க முடியாது. கடைசியில் மிஞ்சிய எண்ணெயில் முட்டையை உடைத்துக் கிளறுவார்கள். அதற்கு வயிற்றில் இடம் வையுங்கள்.

வைன் அநேகமாக பர்பேரா என்ற சிவப்பு வைனாக இருக்கும். புளிப்பு தூக்கல், துவர்ப்பு கம்மி. எண்ணெய்ப் பிசுக்கை நாக்கிலிருந்து எடுத்துவிடும். குடிக்க மாட்டேன் என்றால் யாரும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் தண்ணீர்க் கோப்பையை உயர்த்தி வாழ்த்துவதை அங்கே சிலர் நல்ல சகுனமாக நினைப்பதில்லை. ஒரு விரற்கடை வைன் ஊற்றச் சொல்லி, கண்ணைப் பார்த்து உயர்த்திவிட்டுக் கீழே வையுங்கள். பக்கத்தில் இருப்பவரின் கோப்பை காலியானால் நீங்களே ஊற்றுங்கள், அது நல்ல பழக்கம்.

வாங்கிப் போவதற்கு பேஸ்ட்ரிக் கடையில் சின்னச் சின்னதாகப் பலவகை அடுக்கி ஒரு தட்டு கட்டித் தருவார்கள், அது போதும். பூ கொண்டுபோக ஆசை என்றால் சாமந்தி மட்டும் வேண்டாம். அங்கே அது நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு வாங்கும் பூ.