மாமல்லபுரத்தில் கட்டடம், மரம், கடற்கரை: கேள்வி பதில்

அண்ணா, கடற்கரைக் கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் 130 மீட்டர். மேலே ஒரு மாடி எடுக்கலாமா?

கோயில் சுவரிலிருந்து அளந்திருந்தால் அந்த 130 செல்லாது. தொல்லியல் துறை பாதுகாக்கும் நிலத்தின் எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும். அப்படி அளந்தால் உங்கள் வீடு 100 மீட்டருக்குள்ளேயே வந்துவிடலாம். முதல் 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. ஏற்கெனவே உள்ள வீட்டின் மேல் மாடி எடுப்பதும் நினைவுச்சின்னச் சட்டத்தின் கண்ணில் புதுக் கட்டுமானம்தான். தடைப் பகுதியில் அதற்கு அனுமதியே கிடையாது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒழுங்குமுறைப் பகுதி என்றால் அனுமதி பெற்றுக் கட்டலாம்; அந்த அனுமதியைத் தரும் தகுதி அதிகாரியிடம் விண்ணப்பியுங்கள். அவர் 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையத்துக்கு 2 மாதம், அதன்பின் அதிகாரிக்கு 1 மாதம். இந்த ஊரில் சின்னங்கள் சிதறிக் கிடக்கின்றன. கடற்கரைக் கோயிலுக்கு மட்டும் அளந்துவிட்டு, பக்கத்துச் சின்னத்தின் எல்லையை மறப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

100 மீட்டருக்குள் இருக்கும் ஓட்டு வீடு ஒழுகுகிறது. கை வைக்கவே கூடாதா, ஐயா?

வைக்கலாம். 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடு என்றால் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். பழைய வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு ஆவணம், பழைய புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். உயரமும் பரப்பும் கூடக் கூடாது. பழுது என்று அனுமதி வாங்கிக்கொண்டு புதுத் தூண் எழுப்பினால் அங்கேதான் வேலையை நிறுத்துவார்கள்.

எங்கள் தெருவில் கால்வாய்க்காக மரங்களை வெட்டப் போகிறார்களாம். யாரிடம் போவது?

முதலில் மரம் யாருடையது என்று பாருங்கள்: நெடுஞ்சாலைத் துறையா, உள்ளாட்சியா, வருவாய்த் துறையா? பொது நிலத்து மரங்களை வெட்டும் முன் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தகவல் உரிமை மனுவுக்கு 30 நாள் ஆகும். அதற்குள் மரம் விழுந்துவிடும். அன்றைக்கே ஆட்சியருக்கு மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒவ்வொரு மரத்தின் வகை, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு, புகைப்படம் மூன்றும் அதில் இருக்கட்டும். பனை என்றால் ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது.

வெட்டாமல் விட்டாலும் ஆபத்து உண்டு. அடிமரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டினால் ஒரு பக்க வேர் முழுதும் போய்விடும்; கார்த்திகைப் புயலில் அந்த மரம்தான் முதலில் சாயும். மரத்தைச் சுற்றி குறைந்தது ஒரு மீட்டருக்கு மண்ணைத் தொடாமல், சிமெண்ட் பூசாமல் விடுமாறும், அங்கே கால்வாயை வளைத்துக் கொண்டுபோகுமாறும் எழுதிக் கேளுங்கள்.

தேவனேரிப் பக்கம் கடற்கரையில் சவுக்கு நடலாம் என்று பசங்க சொல்கிறார்கள். சரியா?

ஆமை முட்டையிடும் மணலில் தயவுசெய்து வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் ஏறும் கரை இது. சவுக்கு நிழலில் மணல் குளிர்ந்தால் ஆண் குஞ்சுகளே அதிகம் பிறக்கும். வேர் குழியையும் அடைக்கும். மணல்மேட்டைச் சமன் செய்யாமல் அடும்பு, இராவணன் மீசை ஆகிய மணல் செடிகளைப் படரவிடுங்கள். மணலைப் பிடித்து வைப்பவை அவைதான்.

கரையோரக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்களே, இனி என்ன செய்ய?

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் அந்தச் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்று பாருங்கள். மணல்மேடும் ஆமைக் கரையும் 1ஏ வகை, அதாவது மிகக் கடுமையாகப் பாதுகாக்கப்படும் வகை. நகர்ப் பகுதியான 2-ஆம் வகையில், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அங்கீகாரம் பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் கட்டலாம். மீறல் என்றால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தில், ஆணை தெரிந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் தருவார்கள். அதன்பின் கதவு மூடிவிடும். நினைவுச்சின்னச் சட்ட மீறலுக்கு மட்டும் உயர் நீதிமன்றம்தான். அந்தச் சட்டம் தீர்ப்பாயம் விசாரிக்கும் சட்டங்களின் பட்டியலில் இல்லை.