தினமும் வயல்வெளிப் பக்கம் நடக்கும்போது 70-300 மி.மீ. ஜூம் லென்ஸில் எடுக்கும் பறவை, பூச்சிப் படங்கள் மங்கலாகவும் சின்னதாகவும் வருகின்றன. பெரிய லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம், இப்போதைக்கு. முதலில் அந்த மங்கல் படங்களைக் கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னாலுள்ள புல் பளிச்சென்று இருந்து பறவை மட்டும் மங்கியிருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. உடல் தெளிவாக, தலையோ இறக்கையோ மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் திறந்து மூடும் வேகம்) போதவில்லை. எங்குமே கூர்மையில்லாமல் விளிம்புகள் நெளிந்து தெரிந்தால் அது வெயிலில் சூடேறிய காற்று செய்யும் வேலை. வெயில் ஏறிய பிறகு திறந்தவெளிக்குக் குறுக்கே எடுத்தால் எவ்வளவு உயர்ந்த லென்ஸிலும் அப்படித்தான் வரும். காலையிலேயே எடுங்கள், இல்லையென்றால் கிட்டே போங்கள்.

நடைபாதையில் ஒரு பறவை நமக்குத் தருவது இரண்டு மூன்று நொடி. அதற்குள் டயல் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. கிளம்பும்போதே கேமரா தயாராக இருக்கட்டும்: மேனுவல் மோடு, ஷட்டர் 1/1000 நொடி, 300 மி.மீ.-இல் லென்ஸின் துளை எவ்வளவு திறக்குமோ அந்த அபெர்ச்சர் (பெரும்பாலும் எஃப்/5.6), ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைக்கும்), அதன் உச்சவரம்பு 6400. ஃபோகஸ் கன்டினியுவஸில் (அசைவதை விடாமல் தொடரும்), ஷட்டர் பர்ஸ்டில் (அடுத்தடுத்துப் பல படம் எடுக்கும்), ஜூம் 300-இல், லென்ஸ் மூடி பையில். பறப்பதை எடுக்க 1/2500 வைத்த இன்னொரு அமைப்பை கஸ்டம் மோடில் சேமித்துவிட்டால் டயலை ஒரு திருப்புத் திருப்பினால் போதும். ஐஎஸ்ஓ ஏறினால் படம் பொரிப்பொரியாக வருமே என்று பயந்து ஷட்டரைக் குறைக்காதீர்கள். பொரியை மென்பொருளில் குறைத்துவிடலாம், அசைந்த படத்தைக் காப்பாற்றுவது கடினம். ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை ஆட்டத்தை மட்டுமே அடக்கும். பறவை தலையைத் திருப்பினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

கொக்கு போன்ற வெள்ளைப் பறவை இருண்ட பின்னணியில் நின்றால் கேமரா ஏமாந்து இறகை வெளிறடித்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1 வரை இறக்குங்கள். வெளிர் வானத்துக்கு எதிரே காக்கை இருந்தால் பிளஸ் 1, சில சமயம் அதற்கும் மேல். சில பழைய கேமராக்களில் மேனுவலோடு ஆட்டோ ஐஎஸ்ஓ சேரும்போது இந்த வசதி வேலை செய்யாது. அவற்றில் ஷட்டர் பிரையாரிட்டிக்கு (ஷட்டர் ஸ்பீடை நீங்கள் வைக்க, அபெர்ச்சரைக் கேமரா பார்த்துக்கொள்ளும் மோடு) போய்விடுங்கள்.

கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் திறந்த இடத்தில் அருமையாக வேலை செய்யும். புதருக்குள் என்றால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஒற்றைப் புள்ளிக்கு மாறி, பறவையின் கண்மேல் வையுங்கள்.

இனி 'சின்னதாக வருகிறது' என்ற பிரச்சினை. 15 செ.மீ. பறவை ஒன்று 10 மீட்டர் தூரத்தில் இருந்தால், ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சாரில் 300 மி.மீ. லென்ஸ் அதைப் பட அகலத்தில் ஐந்தில் ஒரு பங்காகத்தான் காட்டும். 24 மெகாபிக்சல் என்றால் பறவையின் நீளம் சுமார் 1150 பிக்சல். 5 மீட்டருக்குப் போனால் அது இரட்டிப்பாகும். 600 மி.மீ. லென்ஸ் தருவதும் அதே இரட்டிப்புதான், கூடவே ஒன்றிரண்டு கிலோ பாரத்தையும் தரும்.

நெருங்குவதற்கும் ஒரு முறை உண்டு. நேராக நடக்கக் கூடாது, முறைத்துப் பார்க்கவும் கூடாது. பக்கவாட்டில் சாய்ந்து நடந்து, நாலடிக்கு ஒருமுறை நின்று, ஒரு படம் எடுத்துவிட்டு நகருங்கள். இறகு கோதிக்கொண்டும் மேய்ந்துகொண்டும் இருந்தால் அதற்கு உங்கள்மேல் பயமில்லை. மேய்ச்சலை நிறுத்திக் கழுத்தை நீட்டி நிமிர்ந்தால் அதுதான் எல்லை. அங்கேயே நின்றுவிடுங்கள், பெரும்பாலும் மறுபடி மேயத் தொடங்கும். எச்சம் போட்டு உடலைத் தாழ்த்தினால் கிளம்பப்போகிறது, ஷட்டரை அழுத்துங்கள். பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும். காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால் அது உங்களை நோக்கி எழ வாய்ப்பு அதிகம். தட்டானும் மீன்கொத்தியும் இன்னும் வசதி: பறந்து போனாலும் அதே குச்சிக்குத் திரும்பும் பழக்கம் உண்டு. துரத்தாமல் அந்தக் குச்சியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள்.

வண்ணத்துப்பூச்சிக்குக் கணக்கே வேறு. பல 70-300 லென்ஸ்கள் ஒன்றரை மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது, ஆகவே ஒட்டிப் போவதில் பயனில்லை. இறக்கை மூடியிருந்தால் பக்கவாட்டிலிருந்தும் விரித்திருந்தால் மேலிருந்தும், சென்சார் இறக்கைக்கு இணையாக இருக்கும்படி எடுங்கள். கோணம் சாய்ந்தால் ஒரு நுனி கூர்மையாகவும் மறு நுனி மங்கலாகவும் வரும். எஃப்/8, 1/500 போதும். உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தால் பறந்துவிடும். இளங்காலையில் உடல் சூடேற வெயில் காய்ந்துகொண்டிருக்கும், அப்போது பொறுமையாக எடுக்கலாம்.

கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கவே வேண்டாம். தாய்ப்பறவை வர அஞ்சும், நீங்கள் நிற்பதைப் பார்த்துக் காக்கைக்கும் கூடு இருக்குமிடம் தெரிந்துவிடும். அலைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். அரிய உயிரினம் எதையாவது எடுத்தால், இணையத்தில் போடும் முன் படக்கோப்பில் பதிவாகியிருக்கும் இட விவரத்தை நீக்கிவிடுங்கள்.