டல்லாஸ் பக்கத்து ஏரிகளில் கிராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடிக்க, புதிதாகத் தொடங்குகிறவர் என்ன ராட், ரீல், தூண்டில் சாமான் வாங்கலாம்?

நூறு டாலருக்குள் முடியுமா, படகு இல்லாமல் கரையிலிருந்தே பிடிக்கலாமா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் முடியும். ஆனால் கடையில் முதலில் எதிர்ப்படுகிறவர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கி வந்துவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் சொல்லவில்லை, இருந்தாலும் ஊகிக்கிறேன். அபார்ட்மென்ட் வீடு, கணினி வேலை, சின்னக் குழந்தை, சனிக்கிழமை காலையில் நாலு மணி நேரம் கிடைத்தால் பெரிது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெரிய கடை ஒன்றில் போய் நின்று, "ஏரியில் மீன் பிடிக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். டெக்சாஸில் அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் காதில் பாஸ் மீன் என்றுதான் விழும், அது பலமான சாமான் கேட்கும் முரட்டு மீன். 7 அடி மீடியம் ஹெவி ராட், 4000 சைஸ் ரீல், 20 பவுண்டு பிரெய்ட் (பல இழை பின்னிய) நரம்பு, விரல் நீளத்துக்கு முள். 140 டாலர் ஆனது. அந்தப் பையன் ஏமாற்றவில்லை. நான் மீனின் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கிராப்பிக்கு இங்கே இன்னொரு பெயர் காகித வாய். உதட்டைச் சுற்றி இருக்கும் சவ்வு அவ்வளவு மெல்லியது, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். விறைப்பான ராடால் வெடுக்கென்று இழுத்தால் சவ்வு கிழிந்து மீன் விழுந்துவிடும். ராட் வளைய வேண்டும், நரம்பு மெல்லியதாக இருக்க வேண்டும், முள் சின்னதாக இருக்க வேண்டும் என்று சொல்வதெல்லாம் இந்த ஒரு காரணத்தால்தான். இது புரிந்துவிட்டால் கடையில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் நீங்களே முடிவு செய்துவிடலாம்.

எனக்கு இது புரிந்தது ஒரு மார்ச் மாதக் கடைசியில். ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர். வாய்க்கால் ஓரத்தில் மூங்கில் கழியும் மயிலிறகுக் காம்புத் தக்கையுமாகக் கெண்டை பிடித்தே வளர்ந்தவர். இங்கே வந்து ஆறு வாரம், நாங்கள் வேலைக்குப் போனபின் பால்கனியில் உட்கார்ந்து கார்களை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு அது தாங்கவில்லை. டெண்டனுக்கு வடக்கே ரே ராபர்ட்ஸ் ஏரி ஸ்டேட் பார்க்குக்கு அழைத்துப் போனேன். டெக்சாஸில் ஸ்டேட் பார்க் எல்லைக்குள் கரையிலோ பியரிலோ (தண்ணீருக்குள் நீளும் மேடை) நின்று பிடித்தால் மீன் லைசென்ஸ் தேவையில்லை, நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும். வெளியே என்றால் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும். விசிட்டராக வந்த பெற்றோரை அழைத்துப் போக இதைவிட நல்ல இடம் கிடையாது, குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று மீனை விட்டேன். மூன்றாவது தண்ணீருக்கு மேலே வந்து வெள்ளியாகப் புரண்டது, பிறகு காணோம். முள்ளைத் தூக்கிப் பார்த்தால் நுனியில் கண்ணாடித்தாள் போல ஒரு துணுக்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதை விரலில் எடுத்துப் பார்த்தார். "ஏன்டா இப்படி வெட்டி இழுக்குற? வேலி முள்ளுல மாட்டுன சேலைய எடுக்குற மாதிரி எடுக்கணும்" என்றார்.

எங்களுக்கு நாலு அடி தள்ளி ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மிசிசிப்பிக்காரர். வெள்ளைக் கிராப்பியில் உலக சாதனை அவர்கள் மாநிலத்து எனிட் அணையில் 1957இல் பிடித்த 5 பவுண்டு 3 அவுன்ஸ் மீன்தான் என்று பிறகு பெருமையாகச் சொன்னார். அவர் கையில் ரீலே இல்லாத பத்தடிக் கோல், நுனியில் நரம்பு, பென்சில் மாதிரி ஒரு தக்கை. என் ராடை வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார். தன்னிடமிருந்த இன்னொரு கோலை எடுத்து நேராக அப்பா கையில் கொடுத்தார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் அந்தக் கோலைப் பிடித்த விதத்திலேயே அந்தப் பெரியவருக்குத் தெரிந்துவிட்டது. இருவரும் கையால் ஆழம் காட்டிப் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் தக்கை உள்ளே போகவில்லை, மாறாகத் தண்ணீர் மேல் சாய்ந்து படுத்தது. நான் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அப்பா மணிக்கட்டை மட்டும் லேசாக உயர்த்தினார், கோல் வில்லாக வளைந்தது. கிராப்பியின் கண் மேல் நோக்கி இருக்கும், தனக்கு மேலே இருக்கும் இரையைத்தான் கீழிருந்து வந்து கவ்வும். கவ்வியபடி மேலே ஏறினால் ஈயத்தின் எடை தக்கையை விட்டுப் போய்விடும், தக்கை படுத்துவிடும். எங்கள் வாய்க்கால் கெண்டையும் சில நேரம் இதையேதான் செய்யும் என்று அப்பா சொன்னார். அன்று பதினொரு மீன். இரண்டை அளந்து பார்த்துத் திரும்ப விட்டோம். டெக்சாஸில் பொதுவாக 10 அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியை வைத்துக்கொள்ளக் கூடாது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25. சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு, போகுமுன் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

சரி, இனி வாங்க வேண்டியது.

ராடின் கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அதில் லைட் அல்லது அல்ட்ரா லைட் என்று இருக்க வேண்டும், நரம்பு அளவு 4 முதல் 8 பவுண்டுக்குள் அடங்க வேண்டும். நீளம் ஆறு அல்லது ஆறரை அடி. ரீலோடு சேர்த்து காம்போவாக வாங்குவதே லாபம். நான் இப்போது வைத்திருப்பது அக்லி ஸ்டிக் ஜிஎக்ஸ்2 லைட் காம்போ. ஐம்பது டாலர் சுமாருக்குக் கிடைத்தது, கார் டிக்கியில் மாட்டியும் உடையவில்லை. வேறு கம்பெனி கூடாது என்று சொல்லவில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஸ்பின்னிங் ரீல் 1000 சைஸ் போதும். மீன் இழுத்தால் ரீல் எவ்வளவு எளிதாக நரம்பை விடும் என்பதை வைப்பது டிராக் திருகு, அதைத் தளர்த்தி வையுங்கள். நரம்பை விரலால் இழுத்தால் தயங்காமல் வர வேண்டும். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான், நல்ல ராட் இருந்தும் டிராக் இறுகியிருந்தால் உதடு கிழியும்.

குழந்தைக்குத் தனியாக ஒன்று வேண்டுமென்றால் பொத்தானை அமுக்கி வீசும் மூடிய ரீல் வாங்குங்கள், ஜெப்கோ 33 மாதிரி. அதை உருவாக்கிய ஆர். டி. ஹல் டெக்சாஸ்காரர், கடிகாரம் பழுது பார்த்தவர். எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு செய்துகொண்டிருந்த ஜீரோ ஹவர் பாம் கம்பெனியிடம் தன் ரீலைக் கொண்டுபோய்க் காட்டினார். 1949இல் முதல் ரீல் வந்தது. கம்பெனிப் பெயரின் சுருக்கம்தான் ஜெப்கோ. என் மகள் ஏழு வயதில் இதில்தான் பழகினாள், நரம்பு சிக்கு விழுந்து அழுததே இல்லை.

நரம்பு 6 பவுண்டு மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான். 4 பவுண்டுதான் சரி என்பார்கள். மூழ்கிய புதர்களுக்கு நடுவே புதியவர் கைக்கு 4 தாங்காது என்பது என் அனுபவம். முள், மெல்லிய கம்பியில் செய்த அபர்டீன் வகை, 4ஆம் எண் அல்லது 6ஆம் எண். முள்ளில் எண் கூடக் கூட அளவு சின்னதாகும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். மெல்லிய கம்பியில் ஒரு வசதி, புதரில் மாட்டினால் நிதானமாக இழுத்தால் முள் விரிந்து வெளியே வந்துவிடும், கொறடால் வளைத்துத் திரும்பப் போடலாம். கிராப்பி இருப்பதே அமிழ்ந்த மரம், பாலத் தூண், படகுத்துறைக்கு அடியில்தான். அதனால் மாட்டிக்கொள்வது தினப்படி நடக்கும்.

தக்கைக்கு மட்டும் ஒரு டாலர் கூடக் கொடுக்கத் தயங்காதீர்கள். சிவப்பும் வெள்ளையுமான உருண்டைத் தக்கை வேண்டாம், அதை உள்ளே இழுக்க மீனுக்குக் கனம் தெரியும், கவ்வியதை விட்டுவிடும். ஸ்லிப் பாபர் என்று மெலிந்து நீண்ட தக்கை கேளுங்கள். முதலில் ஒரு நூல் முடிச்சு, அடுத்து ஒரு சின்னப் பாசிமணி, அப்புறம் நடுவில் துளையுள்ள தக்கை, கீழே மிளகு அளவு ஈயம், ஒரு சாண் விட்டு முள். வீசும்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து குட்டையாக இருக்கும். தண்ணீரில் விழுந்ததும் ஈயம் நரம்பை இழுத்துக்கொண்டு இறங்கும், முடிச்சு மணியில் வந்து முட்டியதும் நிற்கும். முடிச்சை நகர்த்தினால் ஆழம் மாறும். வசந்தத்தில், தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி முட்டையிடக் கரைக்கு வரும் நாட்களில் மூன்று, நாலு அடியே போதும். கோடையில் பதினைந்து அடிக்குக் கீழே போய்விடும். ஆழம் சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் மேலேயே வையுங்கள், மேலே வந்து எடுக்கும், கீழே குனிந்து எடுப்பது அரிது.

ஜிக் (ஈயத் தலை வைத்த முள்ளில் செய்த செயற்கை இரை) வாங்கினால் 1/16 அவுன்ஸ் தலை, இரண்டு அங்குல ரப்பர் வால், கலங்கல் தண்ணீருக்குப் பளிச்சென்ற எலுமிச்சைப் பச்சை, தெளிந்த தண்ணீருக்கு வெளிர் சாம்பல். இரண்டு நிறம் போதும். அந்த அலமாரியில் நூறு நிறம் தொங்கும், பார்க்காமல் வந்துவிடுங்கள். கடைசியாக நீளக் கைப்பிடி வலை. பியரிலிருந்து நரம்பால் தூக்கினால் பாதி வழியில் உதடு கிழியும் என்று இனி சொல்ல வேண்டியதில்லை.

பாஸ் ராடிலேயே நூறு கிராப்பி பிடித்தேன் என்று யாராவது கீழே எழுதுவார்கள். பிடித்திருப்பீர்கள், கை பழகியவர் நீங்கள். தண்ணீருக்கடியில் இருக்கும் மீனைத் திரையில் காட்டும் லைவ்ஸ்கோப் சோனார் இல்லாமல் கிராப்பியா என்றும் கேட்பார்கள். ஆயிரம் டாலருக்கு மேல் போகும் திரை அது, படகும் வேண்டும். கேள்வி கேட்டவர் கரையில் நிற்கப் போகிறவர்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் இருக்கிறது. அந்த வாரமே நம் ஊர்க்காரர் ஒருவர் வீட்டு விருந்தில் இந்தக் கதையைச் சொன்னேன். ஒருவர், "அமெரிக்கா வந்தும் இந்த வேலையா?" என்று கேட்டு, அப்பாவைப் பார்த்து மீன் பிடிக்கும் ஒரு சாதியின் பெயரைச் சொல்லிச் சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு முள் கட்டச் சொல்லிக் கொடுத்தது அந்தச் சாதியைச் சேர்ந்த அவருடைய சிநேகிதர்தான். பேர் சொன்னால் இன்றும் எழுந்து நிற்பார். படித்தவர்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள், பத்தாயிரம் மைல் தள்ளி வந்தும் ஒரு உழைப்பின் பெயரைத் திட்டாகப் பயன்படுத்துகிறார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. உங்களிடமும் யாராவது இப்படிப் பேசுவார்கள், அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

ஊருக்குப் போன பின்பும் ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா முதலில் கேட்பது, "தக்கைய எத்தனை அடியில வெச்ச?" என்றுதான்.

முதல் முறை போகும்போது ஜிக்கை விட மின்னோதான், அதாவது இரையாகப் போடும் உயிருள்ள பொடிமீன்தான் நல்லது. ஏரிக்குப் போகும் வழியில் இரைக் கடைகள் விடியலிலேயே திறந்துவிடும், இரண்டு டஜன் போதும். கீழுதட்டிலிருந்து மேலுதடு வழியாக முள்ளைக் கோத்தால் ரொம்ப நேரம் உயிரோடு நீந்தும். நுரைப் பெட்டியில் வையுங்கள், வெயிலில் தண்ணீர் சூடானால் எல்லாம் செத்துவிடும். மிஞ்சியதை ஏரியில் கொட்டாமல் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஏரித் தண்ணீரையும் பெட்டியில் எடுத்து வராதீர்கள். ரே ராபர்ட்ஸில் 2012இலேயே சீப்ரா மஸ்ஸல் என்ற, ஏரிகளைக் கெடுக்கும் அயல்நாட்டுச் சிப்பி வந்துவிட்டது, கண்ணுக்குத் தெரியாத அதன் குஞ்சுகள் ஒரு குவளைத் தண்ணீரிலேயே அடுத்த ஏரிக்குப் போய்விடும். அறுத்த நரம்புத் துண்டுகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிடுங்கள், கொக்கின் காலில் சுற்றிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.