பவளப்பாறை படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

அம்மா, உங்கள் பயம் நியாயமானதுதான். மகள் பவளப்பாறையைப் பற்றித்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், அதை வைத்து என்ன வேலை கிடைக்கும், ஆயுள் முழுக்கக் கடலில் மூழ்கி மீன் எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். அவள் எதில் மனசு வைத்திருக்கிறாள் என்பதை முதலில் பார்த்துவிடுவோம், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

பவளப்பாறையைக் கட்டுவது பாலிப் என்கிற சின்னஞ்சிறு விலங்குகள். அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன; வெயிலைக் கொண்டு பாசி தயாரிக்கும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் வாழ்கிறது, கூடவே கடல்நீரில் இருப்பதை எடுத்துச் சுண்ணாம்புக் கூட்டையும் கட்டிக்கொண்டே போகிறது. இப்படி உருவான பாறைகள் கடல் தரையில் 1 சதவீத இடம்கூட இல்லை, ஆனால் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ 25 சதவீதம் வாழ்வின் ஏதாவது ஒரு கட்டத்தில் அங்கேதான் அண்டுகின்றன. கரையை நோக்கி வரும் அலையின் பலத்தைக் குறைப்பதும் இவைதான்.

கடல்நீரின் சூடு வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடி, அது சில வாரம் நீடித்தாலே போதும், பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வரும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். 1998, 2010, 2014–17 என்று உலகளவில் மூன்று முறை இது நடந்திருந்தது, நான்காவது நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். அந்த வெப்பத்தை அளப்பது செயற்கைக்கோள். அமெரிக்காவின் நோவா அமைப்பு எந்தக் கடலில் எத்தனை வாரம் சூடு தங்கியிருக்கிறது என்று கணக்கிட்டு எச்சரிக்கை தருகிறது, அந்த வேலையில் இருப்பவர் கடலில் கால் நனைக்க வேண்டும் என்றுகூட இல்லை. கடல்நீர் அமிலமாவதைப் பார்க்க வேதியியல் தெரிந்தவர் வேண்டும், சூட்டைத் தாங்கும் பவளத்தைத் தேட மரபணு படித்தவர், ஆயிரக்கணக்கான நீரடிப் படங்களைப் பிரித்துத் தரக் கணினி ஆட்கள். எனக்குப் பிடித்த உதாரணம் மெக்சிகோவின் கின்டானா ரூ மாநிலம்: அங்கே பவளப்பாறைக்கே காப்பீடு எடுத்தார்கள், 2020இல் டெல்டா சூறாவளி அடித்த பிறகு இழப்பீடும் வந்தது, அந்தப் பணம் சேதமான பவளத்தைச் சீரமைக்கப் போனது. பாறை எவ்வளவு அலையைத் தடுக்கிறது, அதற்கு என்ன மதிப்பு என்று யாரோ கணக்குப் போட்டதால்தான் அது நடந்தது.

அதனால் என் யோசனை, இளநிலையிலேயே பவளப்பாறை என்று குறுக்கிக்கொள்ள வேண்டாம். உயிரியலோ வேதியியலோ அகலமாகப் படிக்கட்டும், கூடவே புள்ளியியலும் கொஞ்சம் நிரல் எழுதுவதும் கட்டாயம். கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தில் புள்ளியியல் எத்தனை தாள் என்று கேளுங்கள். பவளம் முதுநிலையில் வரட்டும்.

மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி வேலைகள் பலவும் திட்ட நிதியில் ஓடுபவை, நிதி முடிந்தால் அடுத்த இடம் தேட வேண்டும், நிரந்தரப் பணிக்கு முனைவர் பட்டம் வரை போக வேண்டியிருக்கும். நிலையாக ஓரிடத்தில் அமர எத்தனை ஆண்டு ஆனாலும் பரவாயில்லையா என்று அவளிடமே கேளுங்கள், நீங்களாகப் பதில் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், அந்த வெப்பத் தகவல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்த விடுமுறையில் ஏதாவது ஒரு பவளப்பாறையை எடுத்துக்கொண்டு பத்து வருடச் சூட்டை வரைபடமாக்கிப் பார்க்கட்டும். எண்களோடு உட்கார்ந்து சலிக்காமல் கேள்வி கேட்டால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். கடலும் மீனும் மட்டும்தான் பிடிக்கிறது என்றால், சேர்க்கைக்கு முன்னால் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.