கிட் கோப்புப் பாதையில் ‘..’ இருக்கிறதா என்று மட்டும் சோதித்தால் போதுமா?

போதாது. ‘..’ என்பது மேல் அடைவுக்குப் போகச் சொல்லும் குறி; அதைத் தடுப்பது ஒரு வழியை மட்டுமே அடைக்கும். பயனர் தட்டும் பாதையை நீங்கள் அப்படியே கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருள்) கட்டளையின் கடைசியில் சேர்க்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன்.

முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில், ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதன் மாற்ற வரலாற்றைக் காட்டும் பக்கம் ஒன்றை எழுதினேன். இரட்டைப் புள்ளியைத் தடுத்திருந்தேன். கட்டளை வரிகளை வாசித்து இயக்கும் ஷெல்லுக்குள் போகாமல், வரலாற்றைக் காட்டும் ‘கிட் லாக்’ கட்டளையை நேரடியாகவே இயக்கினேன். ஆகவே ஆபத்தில்லை என்று நம்பினேன். சோதனைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், பாதைக்கான கட்டத்தில் ‘--அவுட்புட்=’ என்று தொடங்கி, எங்கள் கான்ஃபிக் (அமைப்பு விவரங்கள் உள்ள) கோப்பின் பெயரைச் சேர்த்துத் தட்டினார். பக்கம் வெறுமையாக வந்தது. சர்வரில் திறந்து பார்த்தபோது, டேட்டாபேஸ் முகவரி இருந்த முதல் வரியில் ‘கமிட்’ என்ற சொல்லும் நாற்பது எழுத்துக் குறியீடும் இருந்தன. நான் பாதை என்று எண்ணியதைக் கிட் தனக்கான ஆணையாக வாசித்து, வரலாறு முழுவதையும் அந்தக் கோப்பின்மேல் எழுதிவிட்டிருந்தது.

பாதைக்கு முன்னால் தனியாக இரண்டு கோடுகள் (‘--’) இட்டிருந்தால் இது நடந்திருக்காது. அதற்குப் பின் வருவதைக் கிட் பாதையாக மட்டுமே கொள்ளும். அப்போதும் முக்காற்புள்ளியில் தொடங்கும் பெயருக்கும் நட்சத்திரக் குறிக்கும் அது தனிப்பொருள் கொள்வதால், ‘கிட்’ என்ற சொல்லை அடுத்து ‘--லிட்டரல்-பாத்ஸ்பெக்ஸ்’ என்பதையும் சேருங்கள். கிளையின் பெயரையும் பயனரிடமே வாங்குகிறீர்கள் என்றால், அதற்கு முன் ‘--எண்ட்-ஆஃப்-ஆப்ஷன்ஸ்’ வேண்டும், அது 2.24 பதிப்பிலிருந்து உண்டு.

அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும் கருவிக்கு இவ்வளவு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். எங்கள் பக்கமும் அலுவலகத்துக்குள் மட்டுமே இருந்தது. திருத்தத்துக்கு இரண்டு நாள் கேட்டபோது, ‘யார் வேண்டுமென்றே இப்படித் தட்டப்போகிறார்கள்’ என்று என் மேலாளர் மறுத்தது இன்றும் எனக்கு ஆறவில்லை.

கிட்டை எழுதியவர்களுக்கே இது எளிதாக இருக்கவில்லை. ரெப்போவுக்குள் (கிட் கவனிக்கும் கோப்புகளின் தொகுப்புக்குள்), கிட் தன் சொந்தத் தகவல்களை வைக்கும் அடைவான ‘.கிட்’ என்ற பெயரில் எதுவும் நுழையக்கூடாது என்று சிற்றெழுத்தில் மட்டும் தடுத்திருந்தார்கள். விண்டோஸும் மேக்கும் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு பார்க்காததால், பேரெழுத்தில் எழுதிய அதே பெயர் உண்மையான ‘.கிட்’ அடைவுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. விண்டோஸில் ‘கிட்~1’ என்ற குறும்பெயரும், மேக்கில் கண்ணுக்குத் தெரியாத யூனிகோடு எழுத்து செருகிய பெயரும் அங்கேயே கொண்டுபோய் விட்டன. 2014 டிசம்பரில் 2.2.1 பதிப்பில்தான் அதை அடைத்தார்கள். நீங்கள் கேட்கும் அதே ‘..’ சப்மாட்யூலின் (ஒரு ரெப்போவுக்குள் இணைத்த வேறொரு ரெப்போவின்) பெயருக்குள் ஒளிந்து வந்தது. அதை அடைத்தது 2018 மே மாதம், 2.17.1 பதிப்பில்.

ஆகவே உங்கள் கட்டத்தில் முதலில் கோட்டில் தொடங்கும் ஒரு பெயரைத் தட்டிப் பாருங்கள்; காப்புப்பிரதி எடுத்த சர்வரில் மட்டும்.