கூடிப் பேசி ஏற்றிய விலையில் உங்கள் பங்கு: வாசகர் கேள்வி-பதில்

டூனா (டப்பாவில் வரும் சூரை மீன்), கோழி, பிரெட் என உணவு நிறுவனங்கள் கூடிப் பேசி விலையை ஏற்றியதாக அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த கிளாஸ் ஆக்‌ஷன் (பாதிக்கப்பட்ட எல்லோர் சார்பிலும் சேர்த்து நடத்தும்) வழக்குகளின் செட்டில்மென்ட் பணம், அதாவது வழக்கை முடித்துக்கொள்ள நிறுவனங்கள் தரும் பணம், பற்றி வந்த கேள்விகளில் சில.

பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய டூனா டப்பாவுக்கு யாரிடம் பில் இருக்கும்? தோராயமாக ஒரு எண்ணைப் போட்டுவிடலாமா?
- வாசகி, சான் ஹோசே

பில் இல்லாமல் கிளெய்ம் (உங்கள் பங்கைக் கேட்கும் விண்ணப்பம்) போடலாம். ஆனால் வாய்க்கு வந்த எண்ணைப் போடக்கூடாது. கணக்குப் போட்டு எழுதுங்கள். டூனா செட்டில்மென்ட்டை எடுத்துக்கொள்வோம். அதற்கான கெடு 2024 டிசம்பர் 31-ஆம் தேதியே முடிந்துவிட்டது, ஆனாலும் கணக்குக்கு நல்ல உதாரணம். வழக்குக்குரிய காலம் 2011 ஜூன் 1 முதல் 2015 ஜூலை 1 வரை, அதாவது 213 வாரம். வீட்டில் இரண்டு வாரத்துக்கு மூன்று டப்பா தீருமென்றால் சுமார் 320 வரும். நடுவில் இரண்டு முறை ஊருக்குப் போய் ஆறாறு வாரம் தங்கியிருந்தால் அந்த 12 வாரத்தைக் கழியுங்கள். மிச்சம் 201 வாரம், ஏறக்குறைய 300 டப்பா. படிவத்தில் 300 என்று எழுதிவிட்டு, கணக்குப் போட்ட தாளைப் படம் எடுத்து வையுங்கள். பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் நிர்வாகியிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் இதுதான் உங்கள் பதில்.

அந்தக் கடிதம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் எண்தான். நாலு பேர் உள்ள வீட்டுக்குப் பொருந்தாத அளவு, ஒரே முகவரியிலிருந்து பல கிளெய்ம், ஒரே வங்கிக் கணக்குக்குப் பல பெயர் என்றால் தனியே எடுத்துப் பார்ப்பார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் பதில் போகாவிட்டால் உண்மையான கிளெய்மும் தள்ளுபடியாகிவிடும். படிவத்தின் கடைசியில் நீங்கள் போடும் கையெழுத்து, பொய் சொன்னால் தண்டனைக்குரியது என்ற உறுதிமொழியின் மேல் போடுவது. அதைப் படிக்காமலே ‘டிக்’ அடிப்பவர்கள்தான் அதிகம்.

வாராவாரம் ஹலால் கடையில்தான் கோழி வாங்குகிறோம். கோழி வழக்கில் எங்களுக்கும் பங்கு உண்டா?
- வாசகர், சிகாகோ

இல்லை. இல்லினாய் வடக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடந்த அந்த வழக்கில் டைசன், பில்க்ரிம்ஸ் உள்ளிட்ட ஆறு நிறுவனங்கள் நுகர்வோருக்கு 181 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டன. அதில் எது ‘கோழி’ என்பதற்கே ஒரு வரையறை உண்டு. பச்சையான அல்லது உறையவைத்த முழுக்கோழி, பாக்கெட்டில் வரும் வெட்டிய முழுக்கோழி, நெஞ்சுக்கறி, இறக்கை ஆகியவை சேரும். ஹலால், கோஷர் (யூத முறைப்படியானது), ஆர்கானிக், ஃப்ரீ ரேஞ்ச் (திறந்தவெளியில் வளர்த்தது) என்று விற்றது சேராது. கொத்தியது, மசாலா தடவியது, பிரெட் தூள் பூசியது எதுவும் சேராது. தொடையும் காலும் மட்டும் தனியாக வாங்கியிருந்தால் அதுவும் கணக்கில் வராது. குழம்புக்குத் தொடைக்கறியே வாங்கும் நம் வீடுகளில் பலர் தெரியாமல் தவறிய இடம் இது. எந்த செட்டில்மென்ட் ஆனாலும், படிவத்தைத் திறப்பதற்கு முன் நோட்டீஸில் பொருளின் வரையறையைத் தேடிப் படியுங்கள்.

இப்போது டாலஸில் இருக்கிறேன். வழக்குக் காலத்தில் பாதி வருஷம் கலிஃபோர்னியாவில் இருந்தேன். கிளெய்ம் போடக்கூடிய மாநிலங்களின் பட்டியலில் டெக்சஸ் இல்லை என்கிறார்கள். நான் கேட்கலாமா?
- வாசகர், டாலஸ்

வாங்கியபோது எந்த மாநிலத்தில் இருந்தீர்கள் என்பதுதான் முக்கியம். கலிஃபோர்னியாவில் வாங்கியதை மட்டும் எழுதலாம். டெக்சஸில் வாங்கியதைச் சேர்க்கக்கூடாது. காரணம் 1977-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘இல்லினாய் பிரிக்’ வழக்கில் சொன்ன தீர்ப்பு. உற்பத்தியாளரிடம் நேரடியாக வாங்கியவர்தான் கூட்டாட்சிச் சட்டப்படி நஷ்டஈடு கேட்கலாம் என்றது அது. நாம் வாங்குவது கடையில், கடை வாங்குவது நிறுவனத்தில் அல்லது மொத்த வியாபாரியிடம். அதனால் கடைசியில் வாங்கிய நுகர்வோரும் கேட்கலாம் என்று தனிச் சட்டம் வைத்திருக்கும் மாநிலங்களின் பெயரில்தான் இந்த வழக்குகள் நடக்கின்றன. பழைய முகவரிக்கு ஆதாரமாக வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ எடுத்து வையுங்கள்.

நூறு மில்லியன் டாலர் அபராதம் என்று செய்தி வந்தது. கைக்கு வருவது மட்டும் ஏன் சில்லறை?
- வாசகி, நியூ ஜெர்சி

அபராதம் வேறு, செட்டில்மென்ட் வேறு. நீங்கள் சொல்வது டூனா விலைக் கூட்டுக்காக ஸ்டார்கிஸ்ட் நிறுவனம் கட்டிய 100 மில்லியன் டாலர் கிரிமினல் அபராதம், அது அரசுக்குப் போனது. நுகர்வோர் செட்டில்மென்ட் பணம் தனி. அதிலும் வக்கீல் கட்டணம், நோட்டீஸ் செலவு, நிர்வாகச் செலவு எல்லாம் போக மிச்சத்தைத்தான் கிளெய்ம் போட்டவர்களின் அளவுக்கேற்பப் பிரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணை ஊதிப் பெருக்கினால் குறைவது உங்கள் பங்கு.

கோழி வழக்கில் வக்கீல்களுக்கு வழங்கப்பட்ட 57.4 மில்லியனை எதிர்த்து ஒரு நுகர்வோரே மேல்முறையீடு செய்தார். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கட்டண உத்தரவை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. இப்படி ஆட்சேபிக்கும் உரிமை உங்களுக்கும் உண்டு, அதற்கும் கெடு உண்டு. பணம் வரத் தாமதமாவதற்கு இத்தகைய மேல்முறையீடுகளும் ஒரு காரணம்.

பிரெட் விலைக்காகக் கனடாவின் லாப்லா சூப்பர்மார்க்கெட் கொடுத்த 25 டாலர் கார்டை 2018-இல் வாங்கிவிட்டோம். பிரெட் செட்டில்மென்ட்டில் மறுபடி கேட்டிருக்கலாமா?
- வாசகர், ஸ்கார்பரோ

கேட்டிருக்கலாம். லாப்லா, ஜார்ஜ் வெஸ்டன் நிறுவனங்களின் 500 மில்லியன் டாலர் செட்டில்மென்ட்டில் கார்டுகளாகக் கொடுத்த 96 மில்லியனும் அடக்கம். ஏற்கெனவே வாங்கிய 25 டாலரைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் வந்தால்தான் உங்களுக்குப் பங்கு. கிளெய்முக்கான கெடு 2025 டிசம்பர் 12-இல் முடிந்தது.

“உங்கள் செட்டில்மென்ட் பணம் தயார்” என்று மின்னஞ்சல். நம்பலாமா?
- வாசகி, சியாட்டில்

அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். கிளெய்ம் போட்டபோது கிடைத்த உறுதி எண்ணை வைத்து, செட்டில்மென்ட் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். கட்டணம் கேட்டால் போலி. பணத்தை விடுவிக்க முதலில் ஒரு தொகை கட்டச் சொன்னாலும் போலிதான். உண்மையானதென்றால் காசோலையா, பேபாலா, ப்ரீபெய்ட் கார்டா என்று கேட்பார்கள். காசோலை பெரும்பாலும் 90 நாளில் காலாவதியாகும். வீடு மாறியிருந்தால் நிர்வாகிக்குப் புது முகவரியை இப்போதே எழுதிவிடுங்கள், ஸ்பாம் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள்.