ஆறு, ஏழு, எட்டு: நடுநிலைப் பள்ளிப் பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் கணக்கு ஆசிரியை, இப்போது தலைமையாசிரியை. இது 2025 ஜூலை. ஜூன் 2-ல் பள்ளி திறந்து, புத்தகம் கொடுத்து, வகுப்புகள் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டன. இந்த வருடம் பிள்ளைகளுக்கு என்னென்ன வரப்போகிறது, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் 6, 7, 8 வகுப்புகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதுதான் எனக்குத் தெரிந்த இடம்.

அரூரிலிருந்து ஒரு அம்மா: என் மகள் ஐந்தாம் வகுப்பு வரை காலையில் பள்ளியிலேயே சாப்பிட்டாள். ஆறாம் வகுப்புக்கு இல்லை என்கிறார்கள். அதே பள்ளிதானே டீச்சர்?

அதே பள்ளிதான் அம்மா. ஆனால் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரைதான். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோதே அப்படித்தான் வகுத்தார்கள். மதியச் சத்துணவும் முட்டையும் பத்தாம் வகுப்பு வரை உண்டு.

ஜூன் மாதம் முழுக்க நான் பார்க்கும் காட்சி இது: தம்பி பொங்கல் தட்டோடு வரிசையில் நிற்பான், போன வருடம் அதே வரிசையில் நின்ற அக்கா குழாயடியில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாவது பீரியடில் அவள் மேசையில் தலை சாய்ந்துவிடும். பாடம் புரியாமல் இல்லை, பசி. பழைய சோறானாலும் சரி, காலையில் வயிற்றுக்குள் ஏதாவது போகட்டும். விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்புகிறவர் என்றால் வகுப்பாசிரியரிடம் அதைச் சொல்லி வையுங்கள். சொன்னால் கவனிப்போம்.

எட்டாம் வகுப்பு மாணவனின் அப்பா, பண்ருட்டி: எட்டாம் வகுப்பில் இனி ஃபெயில் போடுவார்களாமே?

இல்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தி அதற்கு வழி விட்டது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அதைப் பின்பற்றப் போவதில்லை என்று மாநில அரசு அப்போதே சொல்லிவிட்டது.

எட்டாம் வகுப்பு மாணவியின் அம்மா, மணப்பாறை: தேசிய வருவாய்வழித் தேர்வுக்கு என் மகளைப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். அது என்ன, எப்படிப் படிக்க வைப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் தேர்வு இது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம், பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகள் என்றால் 50 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள்.

இரண்டு தாள். மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். படிப்பறிவுத் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. கணக்கு ஆசிரியை நானே சொல்கிறேன், கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். சமூக அறிவியலை ஒதுக்கியதால்தான் எங்கள் பிள்ளைகள் பலர் கோட்டை விட்டார்கள். ஏழாம் வகுப்புப் புத்தகங்களைப் பழைய கடையில் போட்டுவிட்டீர்களா? பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள். ஏழாம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும்.

மனத்திறன் என்றால் எண் தொடர், விட்டுப்போன எழுத்து, கண்ணாடி பிம்பம், திசை, உறவுமுறை, இப்படி. தினமும் பத்துக் கேள்வி, கடிகாரம் வைத்துக்கொண்டு. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான் என்பது உடம்பில் பதிய வேண்டும்.

விடைத்தாளில் வட்டத்தை நிரப்பவும் பழக்குங்கள். சில வருடத்துக்கு முன் எங்கள் மாணவி ஒருத்தி 37-வது கேள்வியை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டாள், வட்டத்தை விடவில்லை. 38-ன் விடையை 37-ல் நிரப்பினாள். கடைசியில் ஒரு வட்டம் மிஞ்சியபோதுதான் தெரிந்தது, அதுவரை எல்லாமே ஒரு படி மேலே ஏறிப் போயிருந்தது. வகுப்பிலேயே முதலாவதாக வரும் பெண். அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் ஸ்கேலை வரிசைக்குக் கீழே வைத்துத்தான் நிரப்பச் சொல்கிறோம்.

வருமானச் சான்றிதழை இப்போதே வாங்குங்கள். விண்ணப்பம் வந்தபிறகு ஓடாதீர்கள்.

திண்டிவனத்திலிருந்து: அந்தத் தேர்வுக்கு நாங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாமா? தேதி எப்போது?

பள்ளி வழியாக மட்டும்தான். அரசுத் தேர்வுகள் இயக்ககம் தேதியை அறிவித்ததும் தலைமையாசிரியருக்குச் சுற்றறிக்கை வரும்.

உடுமலையிலிருந்து ஒரு அப்பா: என் பையன் இப்போது ஆறாம் வகுப்பு, அரசுப் பள்ளி. அடுத்த வருடம் மெட்ரிக் பள்ளியில் போட்டு இங்கிலீஷ் நன்றாக வந்ததும், ஒன்பதில் திரும்ப அரசுப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்கிறோம். 7.5 சதவீதத்துக்கு அது போதும்தானே?

போதாது ஐயா. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் 2020-ல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் எல்லாம் 2021-ல் சேர்ந்தன. இரண்டுக்கும் கணக்கு ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வருடமும் அரசுப் பள்ளி. நடுவில் ஒரு வருடம் விட்டாலும் போச்சு. இந்த வழியில் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு இது நடந்தது. ஆறாம் வகுப்பு எங்களிடம். ஏழாம் வகுப்பு மட்டும் டவுனில் ஒரு தனியார் பள்ளி. கட்டணம் கட்ட முடியாமல் எட்டில் திரும்பி வந்தாள். பிளஸ் டூ முடித்து, படிப்புச் சான்று கேட்டு அப்பாவும் மகளுமாக வந்தார்கள். பதிவேட்டை எடுத்து ஏழாம் வகுப்புப் பக்கத்தைத் திறந்தேன். அவள் பெயர் இல்லை. இருக்காது என்று தெரிந்தும் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்த அப்பா ஒன்றும் பேசவில்லை. "அப்போ எங்களுக்கு யாரும் சொல்லலையே டீச்சர்" என்று அந்தப் பெண் மட்டும் சொன்னாள். அதனால்தான் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: டீச்சர் சொல்வது தவறு. எங்கள் தெருப் பையன் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளிதான். ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தான். 7.5-ல் சீட் கிடைத்தது.

அந்தப் பையன் கல்வி உரிமைச் சட்டத்தின் கட்டணமில்லாத 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்திருப்பான், கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தாது.

அவரே: கேட்டேன். ஆமாம், 25 சதவீத இடம்தான். ஆனால் இது அநியாயம் இல்லையா? நாங்களும் கஷ்டப்பட்டுத்தானே கட்டணம் கட்டுகிறோம்?

விசாரித்துவிட்டு வந்து சொன்னதற்கு நன்றி. நியாயமா என்று கேட்டால் என் கருத்தைச் சொல்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள் என்று பார்த்து, கைவிரலில் எண்ணும் அளவுக்குக்கூட இல்லையே என்றுதான் இந்தச் சட்டம் வந்தது. கூரை ஒழுகும் வகுப்பில் படித்த பிள்ளைக்காக வந்த கதவு அது. அதன் வழியே வர விரும்புகிறவர்கள் அந்த ஏழு வருடமும் அந்தப் பிள்ளையோடு உட்காரட்டும். உங்கள் மகனும் வரட்டும், நல்லபடியாகப் பார்த்துக்கொள்வோம்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அம்மா: எங்கள் மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிறான். ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசுதானே தருகிறது? அப்போது அதுவும் அரசுப் பள்ளிதானே?

7.5 சதவீதத்தில் உதவி பெறும் பள்ளி சேராது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் சேரும்.

ஆனால் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் வேறு. அங்கே உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. அங்கேயும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான். வருவாய்வழித் தேர்வையும் உங்கள் மகன் எழுதலாம். ஆக மூன்றுக்கும் மூன்று விதி. ஒன்றில் கிடைத்தது இன்னொன்றிலும் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

செய்யாறிலிருந்து: ஏழாம் வகுப்பு மட்டும் தனியார் பள்ளி என்றால் 7.5 கிடைக்குமா?

கிடைக்காது. மேலே அந்தப் பெண்ணின் கதையைப் படியுங்கள்.

கோவில்பட்டியிலிருந்து: வருவாய்வழித் தேர்வு எந்தத் தேதி மேடம்?

திண்டிவனத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

ஏழாம் வகுப்பு மாணவனின் அம்மா, வேதாரண்யம்: கலைத் திருவிழா வருகிறதாம். டான்ஸுக்கு டிரெஸ் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்கிறான். எவ்வளவு செலவாகும்?

வாடகை உடை இல்லாமலும் கலந்துகொள்ளலாம் அம்மா. கலைத் திருவிழா 2022-ல் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். மாநிலத்தில் ஜெயித்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். நடனம் மட்டும்தான் கலை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஓவியம் இருக்கிறது, களிமண் வேலை இருக்கிறது, பாட்டு, நாடகம், தோல் கருவி எல்லாம் இருக்கின்றன.

எங்கள் பள்ளியில் ஒரு பையன் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். ஏரி மண்ணில் ஒரு உழவு மாடு செய்தான். மூக்கணாங்கயிறு போகும் துளையை ஈர்க்குச்சியால் குத்தி, கழுத்தில் நுகத்தடி தேய்த்த தழும்பைக்கூடக் கட்டைவிரலால் அழுத்தி வைத்திருந்தான். அவன் தாத்தா வீட்டு மாடாம். வட்டார அளவில் முதல் பரிசு. செலவு ஒரு ரூபாய் இல்லை. உங்கள் மகனிடம் வேறு என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். ஆட்டம்தான் பிடிக்கும் என்றால் வீட்டில் இருக்கும் வேட்டியே போதும், ஆசிரியர்களிடம் பேசிக்கொள்ளலாம்.

பரமக்குடியிலிருந்து: வானவில் மன்றம் என்று ஒருவர் வந்து பலூன் ஊதிக் காட்டிவிட்டுப் போகிறாராம். இதனால் மார்க் வருமா?

மார்க்கைக் கொஞ்சம் விடுங்கள். 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய அறிவியல், கணக்குச் செய்முறைத் திட்டம், 6 முதல் 8 வரையிலான பிள்ளைகளுக்கானது. எண்ணெய் தடவிய ஊசியைப் பலூனின் முடிச்சுப் பக்கமாக ஏற்றி அடிப்பக்கம் வெளியே எடுக்கிறார், வெடிக்கவில்லை. அந்த இரண்டு இடத்திலும் ரப்பர் அவ்வளவாக இழுபடுவதில்லை, அதனால்தான். பக்கவாட்டில் குத்தினால் பட்டென்று வெடிக்கும். இன்று மாலை உங்கள் பிள்ளையை அடுப்படியில் செய்து காட்டச் சொல்லுங்கள். ஏன் என்று நீங்கள் கேட்டு அவன் சொன்னால், அவனுக்குப் பாடம் வந்துவிட்டது.

ஒரு அம்மா, ஊர் சொல்லவில்லை: பள்ளி மேலாண்மைக் குழுவில் என் பெயரும் இருக்கிறது. கூட்டத்தில் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். போய் என்ன செய்வது?

போங்கள், வாய் திறந்து கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி குழுவில் முக்கால்வாசி பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். உங்களுக்குத்தான் அங்கே எண்ணிக்கை அதிகம். தீர்மானத்தைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் ஆரம்பியுங்கள். கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, மதியத்துக்கு மேல் தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட மூடியுள்ள வாளி இருக்கிறதா. ஏழாம் வகுப்பில் ஒரு பெண் மாதத்தில் மூன்று நாள் லீவு போட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். இதை ஆண் உறுப்பினர்கள் தாங்களாகக் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். குழுவில் முடியாவிட்டால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து சொல்லுங்கள். நான் தலைமையாசிரியையாக இருந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன். பெற்றோர் கேட்டால் எங்களுக்கும் மேலே எழுதிக் கேட்கத் தெம்பு வரும்.

ஆறாம் வகுப்பு மாணவனின் அப்பா: ஊரகத் திறனாய்வுத் தேர்வை என் மகன் இப்போதே எழுதலாமா?

அது ஒன்பதாம் வகுப்புக்கு. மூன்று வருடம் இருக்கிறது.

கும்பகோணத்திலிருந்து: அடுத்த வாரம் பள்ளியில் என்ன விசேஷம்? புது உடை வேண்டுமா?

ஜூலை 15, காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். சீருடையே போதும். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தால் இணையத்திலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பள்ளிக்கூடம் இல்லாத ஊராக நம் ஊர் இருந்ததைப் பார்த்த ஒரு பாட்டியிடம் உட்கார வைத்து, அவர் சொல்வதைப் பேசச் சொல்லுங்கள்.

வருவாய்வழித் தேர்வு எப்போது என்று மேலும் நான்கு பேர்.

திண்டிவனம்.

எட்டாம் வகுப்பு மாணவி: டீச்சர், அந்தத் தேர்வுக்கு வருமானச் சான்று வாங்க அப்பா வர மாட்டேன் என்கிறார். லீவு போட்டால் கூலி போய்விடுமாம். நான் என்ன செய்வது?

அப்பா மேல் கோபப்படாதே கண்ணு. ஒரு நாள் கூலி என்பது உங்கள் வீட்டில் ஒரு நாள் சோறு.

ரேஷன் கார்டு, அப்பாவின் ஆதார், ஒரு போட்டோ எடுத்து வை. இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் எந்த நாளில், எந்த நேரத்தில் அலுவலகத்தில் இருப்பார் என்று உன் வகுப்பாசிரியரை விட்டு விசாரிக்கச் சொல். நேரம் தெரிந்தால் அப்பா ஒருமுறை போனால் போதும், அலைய வேண்டாம். அம்மாவால் போக முடியுமா என்றும் பார். நாளைக்கே உன் தலைமையாசிரியரிடம் போய், என்னிடம் சொன்னதை அப்படியே சொல். வெட்கப்படாதே.

இன்று ராத்திரி அப்பா சாப்பிட்டு முடித்ததும் ஒரு தாளில் எழுதிக் காட்டு. ஒரு பக்கம் அவருடைய ஒரு நாள் கூலி. இன்னொரு பக்கம் 1000 ரூபாய், பன்னிரண்டு மாதம், நான்கு வருடம். பெருக்கலை நீயே அவர் முன்னால் போடு.